நாட்டார் நூதனசாலையும் விடுமுறைப் பயிலுநரும்

நூதனசாலை என்றதும் ஈழநாட்டிற் கல்வி பயின்றோர் மனத்தில் முதற்கண் தோன்றுவது கொழும்பு நூதனசாலையே. தேசாதிபதி சேர் வில்லியம் கிறெகறியின் முயற்சியால் 1877ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் தேதி திறக்கப்பெற்ற அம்மாளிகையிலே கற்சிலைகளும், செப்புத் திருமேனிகளும், கண்டி மன்னரின் அரியணையும் முடியும் காட்சிக்கு வைக்கப்பெற்றுள்ளன. அரண்மனையும் ஆலயமும் விட்டுச் சென்றவையே வரலாற்றுப் பொருள்கள் என்னும் கருத்து அது தோன்றிய காலத்தில் உலகெங்கும் நிலவிற்று. உழவனது கலப்பையும், ஆய்ச்சியின் மத்தும், குளத்தில் மீன்பிடிப்போனது கரப்பும் காட்சிப் பேழையுள் இடம்பெறத் தக்கன என்று எண்ணியோர் மிகச் சிலரே.

அச்சிலருள் முதல்வராக வைத்து எண்ணத்தக்கவர் சுவீடன் நாட்டு ஆதர் ஹசீலியஸ் என்பார். மொழியாசிரியராயிருந்த இவர் 1872இல் டலானா என்னும் உட்பகுதிக்குச் சென்றபோது, குடியானவரின் உடையும் தட்டுமுட்டுப் பொருள்களும் யந்திரத் தொழிலின் வரவால் அருகி வருதலைக் கண்டார். மறு ஆண்டே ஸ்ரொக்ஹோம் நகரில் தாம் திரட்டியவற்றைக் காட்சிக்கு வைத்தார். 1891இல் ஊர்ப்புற வீடுகளையே பெயர்த்துக் கொணர்ந்து வெட்டவெளியில் நிறுத்தி, ஸ்கான்சன் என்னும் திறந்தவெளி நூதனசாலையை அமைத்தார். நாட்டார் பொருள்களுக்கென்று தனி நூதனசாலை அமைக்கும் வழக்கம் ஐரோப்பாவில் பரவியது இதன் பின்னரேயாம். இப்பணியைத் தொடக்கியவர் மொழி கற்பித்த ஒருவர் என்பது கருதத்தக்கது. பொருளும் அதன் பெயரும் ஒருங்கே மறைவன என்பதை மொழியறிந்தார் எளிதில் உணர்வர்.

மன்னன் வெட்டுவித்த கல் தன் வரலாற்றைத் தானே சொல்லும். கலப்பையில் எழுத்தில்லை. அதன் உறுப்புகளுக்கு ஊரார் இட்ட பெயர்கள், அதனைச் செய்த தச்சன், எந்நிலத்துக்கு எவ்வகைக் கொழு ஏற்றது என்னும் அறிவு ஆகிய யாவும் அதனைக் கையாண்டவனது நாவிலேயே உள. அவனிடம் கேட்டு எழுதுவோர் இலராயின் நூதனசாலைக்கு வந்து சேர்வது வெறும் மரத்துண்டு. பெரிய நூதனசாலைகளுக்கு ஊதியம் பெறும் அறிஞர் பலருண்டு. இரண்டு அறையும் ஒரு காவலாளனும் உடைய சிற்றூர் நூதனசாலைக்கு அவ்வசதி ஏது? ஆகவே, கல்லூரி மாணவரை விடுமுறைக் காலத்தில் வரவழைத்து, அவர்க்குப் பயிற்சியும் நூதனசாலைக்குப் பணியும் ஒருசேர விளையச் செய்யும் முறை தோன்றலாயிற்று. இலங்கைப் பல்கலைக்கழகங்களில் உள்ளகப் பயிற்சி என வழங்குவது இதன் வகையினதே.

இம்முறை ஐக்கிய அமெரிக்காவில் இருவேறு வழிகளில் வளர்ந்தது. ஹாவட் பல்கலைக்கழகத்தில் போல் சாக்ஸ் என்பார் 1921 தொடக்கம் நூதனசாலைப் பணி பற்றிய வகுப்பொன்றை நடத்தினார். வங்கித்தொழிற் குடும்பத்தில் வந்த இவர், உயர்ந்த ஓவியத்தையும் சிற்பத்தையும் கண்ட மாத்திரத்தே மதிப்பிடும் கண்ணை மாணவர்க்குப் பழக்கினார். அந்நாட்டின் பெருங் கலைக்கூடங்கள் பலவற்றிற்குத் தலைவராயினோர் இவர்தம் மாணாக்கர். மற்றைய வழி நியூவார்க் நகரில் ஜோன் கொட்டன் டேனா 1925இல் தொடங்கியது. நூல்நிலையத் தலைவராயிருந்து 1909இல் நூதனசாலையொன்றையும் நிறுவிய டேனா, கடைத்தெருவில் விற்கும் மலிவான பாண்டங்களையும் காட்சிக்கு வைத்து அறிஞர் சிலரின் நகைப்புக்கு ஆளானவர். பொருள்களைப் பெட்டிகளில் இட்டுப் பாடசாலைகளுக்கு இரவல் கொடுத்தலும் அவர் வழக்கம். அவரிடம் பயில வந்த பட்டதாரிகள் ஒவ்வொரு பிரிவிலும் இருந்து வேலை செய்து பழகினர். சாக்ஸின் வழி புகழ்பெற்றது; ஆயினும் நாட்டார் நூதனசாலைக்கு உரியது டேனாவின் வழியே என்பதில் ஐயமில்லை. கலப்பையை மதிப்பிட நுண்ணிய கண் மட்டும் போதாது; பொறுமையான செவியும் வேண்டும்.

இவ்விரண்டுக்கும் பின்னர் எழுந்ததாயினும், சிற்றூர் ஒன்றில் வேரூன்றி விடுமுறைப் பயிற்சியை ஆண்டுதோறும் நடத்திவரும் டியர்பீல்டின் வரலாறு சற்று விரித்துக் கூறத்தக்கது. மசசூசெற்ஸ் மாநிலத்தின் மேற்பகுதியில், ஆற்றோரத்து வளவயல்களின் நடுவே, ஒரே நெடுந்தெருவாய் அமைந்தது அவ்வூர். அக்காலத்தில் அது ஆங்கிலக் குடியேற்றத்தின் எல்லையூர். 1704ஆம் ஆண்டு பெப்ரவரி 29ஆம் நாள் விடியுமுன் பிரெஞ்சுப் படையினரும் அவருக்குத் துணையான செவ்விந்தியக் குடியினரும் பனிமேல் நடந்துவந்து ஊரைத் தாக்கினர். ஐம்பதின்மர் வரையில் மாண்டனர். 112 பேர் சிறைப்பிடிக்கப்பட்டுக் கனடாவுக்கு நடத்திச் செல்லப்பெற்றனர். ஷெல்டன் என்பாரது வீட்டின் கதவு கோடரியாற் பிளக்கப்பட்டது. ஆணிகள் நெருங்க அறைந்த அத்தடித்த கதவு முற்றும் வீழாது துளைபட்டு நின்றது.

அவ்வீடு நெடுங்காலம் நிலைத்திருந்தது. அதனை இடியாது காக்க ஊரார் முயன்றும் பயனின்றி 1848இல் இடிக்கப்பட்டது. எனினும் கதவு எஞ்சிற்று. அதே குடும்பத்து வழித்தோன்றலாகிய ஜோர்ஜ் ஷெல்டன் என்பார் 1870இல் வரலாற்றுச் சங்கமொன்றை அமைத்து, 1880இல் பழைய பாடசாலைக் கட்டடமொன்றில் நினைவு மண்டபத்தைத் திறந்தார். அம்மண்டபத்தின் பெருஞ்செல்வம் அக்கதவேயாம். அதனைச் சூழ வைக்கப்பெற்றவை, ஊரார் தத்தம் பரண்களிலிருந்து கொணர்ந்த நூற்குஞ்சங்களும் அடுப்படிக் கலங்களும் தொட்டில்களும். செல்வரின் கொடையால் எழாது அயலவரின் பழம்பொருள்களால் நிரம்பிய நூதனசாலை அது.

1952இல் ஹென்றி பிளின்ற், ஹெலன் பிளின்ற் என்னும் தம்பதியர் அத்தெருவின் பழைய வீடுகளைப் பேணுதற்கென அறநிலையமொன்றை நிறுவினர். 1956இல் அவ்வறநிலையம் கோடைப் பயிற்சியைத் தொடங்கிற்று. கல்லூரியில் இன்னும் பட்டம்பெறாத மாணவர் சிலர் அவ்வூரிலேயே தங்கி, பொருள்களை ஆராயப் பயின்று, பழைய வீடுகளுக்கு வருவோரை அழைத்துச் சென்று விளக்கி, ஈற்றில் தத்தமக்குரிய பொருள்பற்றி ஆய்வுக் கட்டுரை ஒன்றும் எழுதுதல் வேண்டும். ஊரில் உறைதலே இப்பயிற்சியின் உயிர்நாடி. காலையில் வந்து மாலையில் நகருக்கு மீளும் மாணவனுக்கு, ஒரு வீட்டின் சமையற்கட்டு ஏன் வடபுறம் அமைந்தது என்பது விளங்குதல் அரிது. குளிர்காற்று எத்திசையினின்று வீசும் என்பதை அவன் அறியான்.

டியர்பீல்டிலிருந்து கொள்ளத்தக்க பாடம் பிறிதொன்றும் உண்டு. கோடரி பட்ட கதவு, அதன் உட்புறத்தே நின்றோரின் கதையை மட்டுமே நெடுங்காலம் சொல்லிற்று. சிறைபட்டோருள் ஒருத்தி, ஊர்க் குருவானவரின் ஏழு வயது மகள் யூனிஸ் வில்லியம்ஸ். அவள் மோகோக் குடியினரிடையே வளர்ந்து, அவர்களுள் ஒருவனை மணந்து, தந்தை அழைத்தும் மீளாது 1785இல் அங்கேயே இறந்தாள். அவளைக் கொண்டு சென்றோர் பார்வையில் அவ்விரவு எவ்வாறு தோன்றியிருக்கும் என்று கேட்க ஊராருக்கு இருநூறாண்டுகளுக்கு மேற் சென்றது. 2004இல் முந்நூறாம் ஆண்டு நிறைவின்போதே ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், செவ்விந்தியக் குடியினர் மூவகையார் ஆகிய ஐந்து திறத்தாரின் நோக்கிலும் அந்நிகழ்ச்சி எடுத்துரைக்கப்பட்டது. ஒரு கதவுக்கு இரு புறமுண்டு என்பது எளிய உண்மைதான். நூதனசாலைகள் அதனை உணர்ந்தது தாமதமாகவே.

எல்லையூரும் சிறைப்பிடிப்பும் பற்றிய இச்செய்தி, திருக்கோணமலைக் குடாவின் தென்பால் உள்ள கொட்டியாபுரப்பற்றின் வரலாற்றை அறிந்தோர்க்குப் பிறிதொரு சிறைவாசத்தை நினைவூட்டும். டியர்பீல்டு தாக்கப்படுதற்கு 44 ஆண்டுகளுக்கு முன்னர், 1660இல், பாய்மரம் முறிந்த ஆங்கிலக் கப்பலொன்று செப்பனிடும் பொருட்டுக் கொட்டியாரக் குடாவில் நங்கூரமிட்டிருந்தது. அதன் தலைவரையும், அவர் மகன் றொபேட் நொக்ஸையும், மாலுமிகள் பலரையும் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் பிடித்து மலைநாட்டுக்குக் கொண்டு சென்றனர். தந்தை மறு ஆண்டே காய்ச்சலால் இறந்தார். மகன் ஏறத்தாழ 20 ஆண்டுகள் ஊரூராகத் தங்கி, தொப்பி பின்னியும், நெல்லைக் கடன் கொடுத்து வாங்கியும் வாழ்ந்து, 1679இல் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பிச் சென்றார். 1681இல் வெளிவந்த அவரது நூல், ஏரும் நுகமும், நெற்களமும், அதில் மாடு மிதிக்குமுன் செய்யும் சடங்கும், சுளகும் உரலும் ஆகியவற்றை அக்காலத்து வேறெந்த ஐரோப்பியனும் எழுதாத நுணுக்கத்தோடு கூறுகின்றது. விரும்பி வந்த பயிலுநரல்லர் எனினும், ஊரில் உறைந்து கற்றவர் அவர்.

கொட்டியாரத்திற் பிடிபட்ட நொக்ஸ் எழுதியது கண்டி நாட்டு ஊர்களைப் பற்றி. அவர் பிடிபட்ட கரையிலே வாழ்ந்த குடிகளின் களமும் கலப்பையும் அந்நூலில் விரிவாக இடம்பெறவில்லை. அவர் அமர்ந்திருந்ததாகச் சொல்லப்படும் புளியமரத்தடியில் மூதூரிற் பிற்காலத்தார் நினைவுக்கல் நாட்டினர். அவரைப் பார்த்து நின்ற ஊராருக்கு ஒரு கல்லுமில்லை.

கொட்டியாபுரப்பற்றின் வரலாற்றுக்குச் சான்றுகள் இல்லாமல் இல்லை. கிளிவெட்டிக்கு அயலூராகிய கங்குவேலியிற் கிடைத்த கல்வெட்டு, வன்னிபமும் ஏழூர் அடப்பரும் கோணைநாதர்க்கு வழங்கிய நிலக்கொடையைக் கூறுகின்றது. கவிராசவரோதயர் பெயரால் வழங்கும் கோணேசர் கல்வெட்டு, குளக்கோட்டன் திருப்பணியையும் கோயிற் தொழும்புகளின் பகிர்வையும் விரித்துரைக்கின்றது. மகாவலி கங்கைக்கரைத் தலமாகிய கரைசையின் பெருமையைத் திருக்கரைசைப் புராணம் பாடுகின்றது. இவை யாவும் கோயிலையும் கொடையாளரையும் மையமாகக் கொண்டவை. கொடுக்கப்பட்ட வயலை உழுதவன் எவ்வகைக் கலப்பையால் உழுதான், அளந்த மரைக்கால் எம்மரத்தால் ஆயது, நெற்பொலியைக் கோயிலுக்குச் சுமந்தவர் எப்பெட்டியிற் சுமந்தனர் என்பன இவற்றில் இல்லை. கல்வெட்டறிஞரைக் குறைகூறுதற்கில்லை; கல் சொல்வதைத்தானே அவர் படிக்க இயலும்.

இத்தகைய இடைவெளியை மாணவரைக் கொண்டு நிரப்பும் முயற்சி பாரதநாட்டில் வங்காளத்தில் வலுப்பெற்றது. சிவில் சேவை உத்தியோகத்தராயிருந்த குருசதய் தத்தர், ஊர்களிற் பணியாற்றிய காலத்தில் பெண்கள் பழஞ்சேலைகளை அடுக்கித் தைத்த கந்தா விரிப்புகளையும், பட ஓவியச் சுருள்களையும், பொம்மைகளையும் திரட்டினார். 1932இல் அவர் தொடங்கிய விரதசாரி இயக்கம் இளைஞரை நாட்டுக் கூத்திலும் ஊர்ப்பணியிலும் ஈடுபடுத்திற்று. அவர் 1941இல் மறைந்தார். அவர் திரட்டியவை 1963இல் கல்கத்தாவை அடுத்த ஜோக்காவில் நூதனசாலையாயின. 1937இல் கல்கத்தாப் பல்கலைக்கழகம் நிறுவிய அசுதோஷ் நூதனசாலையும் நாட்டார் கலைப் பொருள்களுக்குச் சிறப்பிடம் அளித்தது. 1952இல் பரோடாப் பல்கலைக்கழகம் நூதனசாலையியலைத் தனித் துறையாக்கியது. தமிழ்நாட்டிற் சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில், சென்னைக் கைவினை அறக்கட்டளை 1996 டிசம்பரில் திறந்த தட்சிணசித்திராவும் இவ்வரிசையினது. செட்டிநாட்டு வீடும், கேரளத்துச் சிரியன் கிறித்தவர் வீடும், குயவர் குடிலும் பிறவும் அங்கே மீள எழுப்பப்பெற்றுள்ளன. கட்டடக் கலைஞர் லோறி பேக்கரின் திட்டத்தில் உருவான அவ்விடத்துக்குக் கல்லூரி மாணவர் பயிற்சிக்கு வருகின்றனர். பெயர்த்து நடப்பட்ட வீட்டில் அடுப்பு எரிவதில்லை என்பதொன்றே அங்குள்ள குறை. அக்குறை அத்தகைய நூதனசாலை எல்லாவற்றிற்கும் பொது.

ஈழத்திற் கட்டடமே இன்றி இப்பயிற்சி நிகழ்ந்தமை குறிப்பிடற்பாலது. பேராதனைப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறையில் விரிவுரையாளராயிருந்த சு. வித்தியானந்தன், மட்டக்களப்பு மன்னார்ப் பகுதிகளின் நாட்டுப்பாடல்களைத் தொகுத்ததோடு அமையாது, மாணவரை அண்ணாவிமாரிடம் பயிலச் செய்தார். வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியாரின் பயிற்சியோடு 1962இல் ‘கர்ணன் போர்’ மேடையேறிற்று. அடுத்த ஆண்டில் ‘நொண்டி நாடகம்’. பின்னாளிற் பேராசிரியராகிய சி. மௌனகுரு அம்மாணவருள் ஒருவர். 1964இற் பண்டிதர் வி. சீ. கந்தையா வெளியிட்ட ‘மட்டக்களப்புத் தமிழகம்’ கீழ்மாகாணத்து ஊர்வழக்கையும் வேளாண்மைச் சொற்களையும் எழுத்தில் நிறுத்திற்று. கூத்தும் சொல்லும் இவ்வாறு பிழைத்தன. பொருள்களைத் திரட்டுவோர் அக்காலத்திற் குறைவு. சிங்களப் பகுதியில் எழுத்தாளர் மாட்டின் விக்கிரமசிங்கவின் பிறந்தகத்தைச் சூழ 1981இல் கொக்கலை நாட்டார் கலை நூதனசாலை எழுந்தது. கீழ்மாகாணத்தில், முஸ்லிம் மக்களின் பழைய வாழ்வை உருவங்களாலும் புழங்குபொருள்களாலும் காட்டும் காத்தான்குடிப் பூர்வீக நூதனசாலை 2015இல் திறக்கப்பெற்றது.

இனிக் கிளிவெட்டியை நோக்குதல் வேண்டும். மூதூருக்குத் தெற்கே, மகாவலியின் கிளையாறுகள் வளஞ்சேர்க்கும் சமநிலத்தில், மூதூரிலிருந்து வெருகல் வழியாக மட்டக்களப்புக்குச் செல்லும் தெருவில் அமைந்தது இவ்வூர். நெல்லும் மாடுமே இதன் செல்வம். வெருகலாற்று நீரைக் கொண்டு 1950களில் விரிவுபெற்ற அல்லைக் குடியேற்றத் திட்டத்தால் அயலிற் சிங்களக் குடிகள் பெருகின. மூதூரிலும் தோப்பூரிலும் முஸ்லிம்கள் வாழ்கின்றனர். கரையோரங்களில் வேடர் வழிவந்தோர் உளர். கதவின் புறங்கள் இங்கே இரண்டினும் மிகுதி.

1985இலும் 1990இலும் 2006இலும் மூதூர்ப் பகுதிக் குடிகள் திரள் திரளாக இடம்பெயர்ந்தனர். 2004இன் கடற்கோள் கரையோரத்தை அழித்தது. 2006இற் சம்பூரும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் வெறுமையாயின. அவ்வூரார் பலர் 2007 முதற் கிளிவெட்டி இடைத்தங்கல் முகாமில் தகரக் கூரையின்கீழ் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தனர். 2015இலும் 2016இலும் படிப்படியாகவே காணிகள் மீண்டன. ஓடுகின்ற குடும்பம் உரலைத் தூக்குவதில்லை. பிள்ளையையும், அடையாள அட்டையையும், காணி உறுதியையும் எடுக்கும். இயன்றால் ஒரு பானையும் எடுக்கும். பன்முறை பெயர்ந்த வீட்டில் எஞ்சியிருக்கும் மரைக்காலோ, மாட்டுக்குக் குறிசுடும் கோலோ, வெண்கலச் செம்போ தற்செயலாய் எஞ்சியதன்று; ஒருவர் அதனை எடுக்கத் துணிந்தமையாலோ, புதைத்து வைத்தமையாலோ, அயலவர் காத்துக் கொடுத்தமையாலோ எஞ்சியது. ஆகவே கொட்டியாபுரப்பற்றில் பயிலுநன் கேட்கவேண்டிய முதற் கேள்வி, இப்பொருள் எத்துணைப் பழமையானது என்பதன்று. இது எவ்வாறு மிஞ்சியது என்பதே. அயலவர் காத்துக் கொடுத்தது எனின் அவ்வயலவர் யார், எம்மதத்தவர், எம்மொழியினர் என்பதும் எழுதப்படல் வேண்டும். 

போர் ஒன்றே பொருள்களை அழித்தது என்றலும் முழு உண்மையாகாது. சூடடிக்கும் களத்தை அறுவடை இயந்திரம் இல்லாதாக்கிற்று. கீழ்மாகாணத்துக் களவெட்டியில் ஒரு காலத்தில் தனிமொழியே வழங்கிற்று. களத்தில் நின்றோர் கடகத்தைக் கடகம் என்னார், பெருவாயன் என்பர். மாட்டை வாரிக்காலன் என்பர். தூற்றிய நெல் பொலி. வாயில் வந்தபடி வீட்டுப் பெயர் சொன்னால் விளைச்சல் குன்றும் என்பது நம்பிக்கை. இயந்திரம் ஒரு பகலில் வயலை அறுத்து மூடையாக்கிச் செல்லும் இடத்தில் இச்சொற்களுக்கு வேலையில்லை. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பெற்று, அதனையடுத்து மூதூர்த் தெருவின் ஏனைய துறைகளும் பாலங்களாயின. அது பெருநன்மை, நோயாளியோடு ஆற்றங்கரையிற் காத்துநின்ற எவரும் பாலத்தை வெறுக்கார். ஆயின் வாகனங்களை ஏற்றி ஆறுகடத்திய மிதவைக்குப் பாதை என்பது அப்பகுதிப் பெயர். பாலங்கண்ட பிள்ளைக்குப் பாதை என்றால் தெரு. முதியவர் ‘பாதை வரக் காத்திருந்தோம்’ என்று சொல்லுங்கால் பேரப்பிள்ளை திகைக்கின்றது.

இச்சொற்களை எழுதிக்கொள்ளத்தக்கவர் ஊர்ப் பாடசாலைகளின் உயர்வகுப்பு மாணவரும், திருகோணமலை வளாகத்திலும் மட்டக்களப்பிலும் பயிலும் அப்பகுதிப் பிள்ளைகளுமே. கொழும்பிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வரும் மாணவன் ‘தாக்கத்தி’ என்பதை அரிவாள் என்று திருத்தி எழுதிவிடக்கூடும். படித்தவன் திருத்தம் பலவேளை சான்றைக் கொல்லும். மேலைநாட்டார் கோடைவிடுமுறை என்பது இங்கில்லை. ஓகஸ்ட் விடுமுறையே இப்பணிக்கு ஏற்றது. சிறுபோக அறுவடை அக்காலத்தை ஒட்டியது. வெருகற் சித்திரவேலாயுதர் ஆலயத் திருவிழாவும் அதனை அண்டியே வரும். வெளியூர் சென்றோரும் ஊர் மீள்வர். பழங்கதை பேச ஆள் கூடும்.

தடை ஒன்றுண்டு. அறுவடைக் காலம் ஏழைப் பிள்ளைக்குக் கூலிக்காலமும் ஆகும். சம்பளமின்றிப் பயிற்சிக்கு வா என்று அழைத்தால் வருபவர் வசதியுள்ளோர் வீட்டுப் பிள்ளைகளே. அமெரிக்காவிலும் இக்குறை உணரப்பட்டது. சம்பளமில்லாப் பயிற்சி செல்வர் மக்களுக்கே நூதனசாலைக் கதவைத் திறக்கின்றது என்னும் குறைபாடு வலுத்து, 2019இல் அந்நாட்டுக் கலை நூதனசாலைப் பணிப்பாளர் சங்கம் பயிலுநர்க்கு ஊதியம் அளித்தல் வேண்டும் எனத் தீர்மானித்தது. பெருஞ்செல்வ நாட்டார் நூறாண்டு கழித்துக் கண்ட இவ்வுண்மையைக் கிளிவெட்டியில் முதல் ஆண்டிலேயே கருத்திற் கொள்ளுதல் இயலும். வயற்கூலிக்கு நிகரான நாட்கூலியும் மதிய உணவும் கொடுக்க வழியில்லையெனில் பயிலுநர் தொகையைக் குறைத்தலே நேர்மை. நாள் முழுதும் வயலில் நின்ற தந்தையின் மகனே அவ்வயலின் சொற்களை உடையவன். அவனை விலக்கிவிட்டு அச்சொற்களைத் தேடுதல் பொருந்தாது.

பொருளை எடுத்துச் செல்லுதல் வேறொரு சிக்கல். பலமுறை பறிகொடுத்த வீட்டாரிடம், அரும்பொருள் என்று சொல்லி எஞ்சியதையும் கேட்பது முறையன்று. டேனா பாடசாலைகளுக்குப் பொருள்களை இரவல் கொடுத்தார். இங்கே நூதனசாலையே வீடுகளிடம் இரவல் வாங்கலாம். கையெழுத்திட்ட துண்டு ஒன்று வீட்டாரிடம் இருக்கட்டும். பொங்கலுக்குக் கேட்டால் பானையும், அறுவடைக்குக் கேட்டால் சுளகும் திரும்பட்டும். படமெடுத்து அளவெழுதியபின் பொருள் வீட்டிலேயே இருப்பினும் குறைவில்லை. பாடசாலையின் ஓரறையும், பூட்டுள்ள இரண்டு அலுமாரியும், கறையான் ஏறாத தட்டுகளும் இப்பணியின் தொடக்கத்துக்குப் போதும்.

பயிலுநன் கையிலுள்ள அட்டையில் எட்டு வரிகள் இருந்தால் அமையும். பொருளின் பெயர், வீட்டார் சொன்னபடியே, எழுத்துத் திருத்தமின்றி. களத்திலோ கோயிலிலோ வேறு பெயர் வழங்கின் அதுவும். உறுப்புகளின் பெயர்கள். செய்தவர் யார், எவ்வூரார். எதனாற் செய்யப்பட்டது; மரமாயின் எம்மரம். பயன்படுத்தியோர் ஆணா பெண்ணா, எப்பருவத்தில். எந்த ஆண்டில் எவ்வூருக்கு இது பெயர்ந்தது, யார் சுமந்தது. இதனோடு இருந்து காணாமற்போனவை எவை. எட்டாவது வரி சொன்னவரது வயதும், அவர் இப்போது இப்பொருளைப் பயன்படுத்துகின்றாரா என்பதும். ஏழாவது வரி பெரும்பாலும் நீளும். அட்டையின் பின்புறத்தை அதற்கென வெறுமையாக விட்டுவைத்தல் நன்று.